மஸ்கட் ஒயின்ல வாசமே வரல, கடைசில சரியான கதை

தெற்கு ஆஸ்திரேலியா ரிவர்லேண்ட்ல சின்ன ஒயினரில வேலை. இங்க கோர்டோன்னு சொல்ற மஸ்கட் திராட்சை, தோலை மென்னா ரோஜா வாசம் தூக்குது, ஆனா டேங்க்ல ஒயின் சப்புன்னு இருந்துச்சு. தோலோட 12 மணி நேரம் குளிர்ல ஊறவச்சேன், கசப்புதான் ஏறுச்சு. ஈஸ்ட் மாத்தினேன், ம்ஹூம். ஜூஸ்லயே என்சைம் போட்டேன், அதுவும் வேலைக்கு ஆகல.

அப்புறம்தான் புரிஞ்சுது, வாசம் தர்ற லினலூல், ஜெரானியால் எல்லாம் பெரும்பாலும் சர்க்கரையோட ஒட்டிக்கிட்டு இருக்கு, அப்படி ஒட்டியிருக்கிற வரைக்கும் மூக்குக்கு எட்டாது, அதை வெட்டிவிடுற குளுக்கோசிடேஸ் என்சைமோ ஜூஸ்ல இருக்கிற குளுக்கோஸ்லயே முடங்கிடுது. அதனால நொதிச்சு சர்க்கரை தீர்ந்தப்புறம் என்சைமைப் போட்டு, 18 டிகிரில வச்சு தினமும் முகர்ந்து பார்த்தேன். மூணாவது வாரம் ரோஜா வந்துடுச்சு, அப்பாடா! ஒயினைத் தெளிய வைக்கிற பென்டோனைட் களிமண்ணை மட்டும் முன்னாடியே போட்றாதீங்க, என்சைமையும் சேர்த்து கீழ இழுத்துட்டுப் போயிடும். வாசம் போதும்னு தோணுறப்ப போட்டா அதுவே என்சைம் வேலையை நிறுத்திடும்.