தோத்த ஆளோட திரும்ப மோதணுமா? ரீமேட்சுக்கு ரெடியாகிற முறை

எம்எம்ஏ-ல (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) ஒருத்தர்கிட்ட தோத்துட்டு அதே ஆளோட திரும்ப சண்டை வந்தா என்னத்தை மாத்துறது, என்னத்தை விடுறதுன்னு இலங்கை மலையகத்துல ஹட்டன், தலவாக்கலை பக்கம் பயிற்சி எடுக்கிற பொடியங்க அடிக்கடி கேக்குறாங்க. எங்க ஜிம் தம்பி ஒருத்தர் கொழும்புல தோத்து, பிறகு அதே ஆளை அதே கொழும்புல ஜெயிச்சார், ரெண்டு சண்டைக்கும் கார்னர்ல (ரவுண்டுக்கு நடுவுல யோசனை சொல்ற ஆளா) நான் இருந்தேன், நடுவுல நாங்க செஞ்சதைத்தான் இங்க வரிசையா எழுதுறேன். ஜாப் (முன்கையால நேர் குத்து), டேக்டவுன் (ஆளைக் கீழ தள்ளுறது), ஸ்ப்ரால் (காலைப் பின்னால வீசி அதைத் தடுக்கிறது), டபுள் லெக் (ரெண்டு காலையும் பிடிச்சுத் தள்ளுறது) இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்னு வச்சுக்கிறேன்.

1. முதல்ல தலை

நாக்அவுட்ல தோத்திருந்தா வீடியோ, பிளான் எதையும் யோசிக்காதீங்க, டாக்டர்கிட்ட போங்க. வெளிநாட்டுல சண்டைகளை மேற்பார்வை பண்ற கமிஷன்கள் நாக்அவுட் ஆனவங்களை பொதுவா 30லருந்து 90 நாள் வரைக்கும் சண்டைக்கு விடமாட்டாங்க. நம்ம பக்கம் தடுக்க ஆள் இல்லைங்கிறதுக்காக அடுத்த கிழமையே ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) போடுறவங்களை நான் பாத்திருக்கேன், தயவுசெய்து செய்யாதீங்க. தலைவலி, வெளிச்சம் கூசுறது, தூக்கம் கெடுறது இதுல ஒண்ணு இருந்தாலும் தலையில இன்னொரு அடி படக்கூடாது.

2. வீடியோ பாக்கிறது (இதை அவசரப்படாம செய்யுங்க)

எல்லாரும் தடுமாறுற இடம் இதுதான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

வீடியோ எடுக்கிறவரை கேஜுக்கு (சண்டை நடக்கிற கூண்டு) பக்கத்துல நிக்க விடாதீங்க, கம்பிவலை மறைக்கும். உயரமா ஒரு இடத்துல நின்னு போனைப் படுக்கையா பிடிச்சு எடுத்தா கால் ரெண்டும் தெளிவாத் தெரியும், நமக்கு முகத்தை விட கால்தான் வேணும். பாக்கிறதுக்கு நான் எப்பவும் விஎல்சி-தான் சொல்லுவேன், காசு இல்லை, கம்ப்யூட்டர்ல ஆங்கில ‘ஈ’ எழுத்தை அமுக்கினா ஒவ்வொரு ஃப்ரேமா நகரும். காசு வாங்கிட்டு சண்டையை அலசித் தர்ற ஆப்புகள் ஆரம்பக்காரங்களுக்குத் தேவையே இல்லை. ஒரு சிஆர் கொப்பி (நோட்டுப் புத்தகம்) போதும்.

முதல் தடவை சத்தத்தை நிப்பாட்டிட்டு பாருங்க. கூட்டம் கத்துற இடமெல்லாம் பெரிய அடி மாதிரி மனசுல பதிஞ்சிருக்கும், சத்தம் இல்லாம பாத்தா அதுல பாதி கையில பட்ட அடியா இருக்கும்.

ரெண்டாவது தடவை கடைசியிலருந்து முன்னுக்கு வாங்க. சண்டை கைவிட்டுப் போன இடத்துல நிறுத்தி, பத்து பத்து செகண்டா பின்னால தள்ளி, ஒவ்வொரு இடத்துலயும் ஒரே கேள்வி கேளுங்க: இது நடக்கிறதுக்கு முந்தி நம்ம ஆள் எங்க நின்னார், அங்க ஏன் போய் நின்னார்?

எங்க தம்பி மூணாவது ரவுண்ட்ல மூணு நிமிஷமும் கீழதான் கிடந்தார். பாத்தவங்க எல்லாரும் “டேக்டவுன் டிஃபென்ஸ் இல்லை, அதைப் பழக்குங்க”ன்னுதான் சொன்னாங்க. கொப்பியில நேரம், கேஜுல எந்த இடம், யார் முதல்ல அசைஞ்சது, வாய் திறந்திருந்துச்சா மூடியிருந்துச்சா அப்படின்னு நாலு கட்டம் போட்டு எழுதிப் பாத்தப்போ வேற கதை வந்துச்சு. முதல் ரவுண்ட்ல நடு மேட்ல வந்த டேக்டவுன் எல்லாத்தையும் தம்பி சுத்தமா ஸ்ப்ரால் பண்ணித் தடுத்திருக்கார். பிறகு விழுந்தது எல்லாமே முதுகு கம்பியில முட்டினதுக்கு அப்புறம். கம்பிக்கு ஏன் போனார்? ரெண்டாவது ரவுண்ட் பாதியில பக்கவாட்டுல சுத்துறதை விட்டுட்டு நேரா பின்னால நடக்க ஆரம்பிச்சிருக்கார். ஏன் நேரா பின்னால? அதுக்குக் கொஞ்சம் முந்தி ஜாப் நின்னுபோச்சு, எதிராளியை நிப்பாட்ட ஒண்ணும் இல்லை. ஜாப் ஏன் நின்னுச்சு? அந்த நேரத்துலருந்துதான் கொப்பியில ‘வாய் திறந்திருக்கு’ன்னு வரிசையா எழுதியிருக்கு.

அப்போ தோத்த காரணம் மூச்சு. ஸ்ப்ராலை மட்டும் மாசக்கணக்கா பழகியிருந்தா ரீமேட்சும் அதே மாதிரிதான் போயிருக்கும். ‘ஏன்’னு கேட்டு கேட்டு பின்னால போங்க, இனி பின்னால போக இடமில்லைங்கிற வரைக்கும் நிறுத்தாதீங்க.

3. ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு விஷயம்தான் மாத்தணும்

தோத்த கவலையில ஸ்டான்ஸ், டயட், மாஸ்டர் எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தினா சண்டையன்னைக்கு எதுவுமே கைக்கு வராது. பெரிய ஆளுங்க ரீமேட்சுல ஜெயிச்சதைப் பாருங்க. 2007 ஏப்ரல்ல மாட் செர்ரா, ஜார்ஜ் செயின்ட் பியரை முதல் ரவுண்ட்லயே அடிச்சு முடிச்சார். 2008 ஏப்ரல்ல மொன்றியல்ல திரும்ப மோதினப்போ செயின்ட் பியர் கைச்சண்டையில கணக்குத் தீக்கப் போகலை, ஆரம்பிச்ச உடனேயே டேக்டவுன், கீழயே வச்சு வேலை, ரெண்டாவது ரவுண்ட்ல விலாவுக்கு முழங்கால் அடியில முடிச்சுட்டார். முதல் சண்டையில செர்ரா ஜெயிச்சது நின்னுக்கிட்டு வீசின கையால, அந்தக் கையை வீசவே விடலை.

எங்களுக்கு ரொம்ப உதவினது மெக்ரிகர், நேட் டியாஸ் சண்டைங்கதான். 2016 மார்ச்சுல மெக்ரிகர் எல்லா அடியையும் முழு பலத்தோட போட்டு ரெண்டாவது ரவுண்ட்ல மூச்சு போய், கழுத்தை நெரிக்கிற பிடியில (சோக்) தோத்தார். ஆகஸ்ட்ல அதே 170 பவுண்ட் எடையில திரும்ப வந்து, டியாஸோட முன்காலை லோ கிக்கால அடிச்சுக்கிட்டே, பலத்தை அஞ்சு ரவுண்டுக்கும் பிரிச்சு செலவழிச்சு பாயின்ட்ல ஜெயிச்சார். பலத்தைப் பிரிச்சு செலவழிச்சதும் லோ கிக்கும், அவ்வளவுதான் பெரிய மாற்றம். அதே மெக்ரிகரை 2021 ஜனவரியில டஸ்டின் போரியே கெண்டைக்கால் கிக்கால நிலைகுலைய வச்சு ஜெயிச்சார், 2014ல அவர்கிட்ட முதல் ரவுண்ட்ல தோத்தவர் இவர். முன்கால்ல பாரத்தை வச்சு நிக்கிறவங்களுக்கு அந்த அடி ரொம்ப வலிக்கும், முழங்காலுக்குக் கீழ வெளிப்பக்கமா ஓடுற நரம்பு மரத்துப்போய் பாதம் சொன்னபடி கேக்காது.

4. எதிராளியும் சும்மா இருக்கமாட்டார்

நீங்க மாறுற மாதிரி அவரும் மாறி வருவார். அதனால ஸ்பாரிங்ல உங்க பார்ட்னர் ரெண்டு வேஷம் போடணும்: ஒரு நாள் பழைய ஆள் மாதிரியே, இன்னொரு நாள் “நான் அவனா இருந்தா இந்தத் தடவை என்ன செய்வேன்”னு யோசிச்சு. 2023 ஏப்ரல்ல இஸ்ரேல் அடெசான்யா அலெக்ஸ் பெரேராவை நாக்அவுட் பண்ணினதைத் தேடிப் பாருங்க. 2022 நவம்பர்ல கம்பிக்கிட்ட வச்சு முடிச்சதால பெரேரா திரும்பவும் அங்கேயே நெருக்கி வந்தார், அடெசான்யா கம்பியில சாய்ஞ்சு கையை உயர்த்தி வாங்கிக்கிட்டே காத்திருந்து வலது கையை விட்டார். ஜெயிச்ச ஆள் ஜெயிச்ச இடத்துக்கே திரும்ப வருவார்ங்கிறதை வச்சு பொறி வைக்கலாம்.

5. மலை, வெயில், மூச்சு

ஹட்டன்ல படிக்கட்டு ஏறி, தேயிலை மலை ரோட்ல ஓடி எல்லாரையும் பின்தள்ளுற தம்பிக்கு கொழும்புல எப்படி மூச்சு போச்சு? நம்ம ஊர்ல “மலைக்காரனுக்கு மூச்சு ஜாஸ்தி”ன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. ஹட்டன் சுமார் 1,270 மீட்டர் உயரம், நுவரெலியா 1,868 மீட்டர். இந்த உயரத்துல பழகினா கொஞ்சம் உதவும்தான், ஆனா கொழும்புல நம்மளை அடிக்கிறது வெயிலும் புழுக்கமும். குளிர்ல பழகின உடம்பு லேட்டா வேர்க்கும், உள்சூடு சட்டுனு ஏறும், தோலைக் குளிர்விக்க ரத்தம் வெளியில ஓடுறதால தசைக்குப் போற பங்கு குறையும், நெஞ்சு படபடன்னு அடிக்கும். மலையிலருந்து இறங்கி அவிசாவளை தாண்டும்போது பஸ்லயே அந்த வித்தியாசம் தெரியும்ல, அதுக்குள்ள போய்த்தான் நாம சண்டை போடுறோம்.

வெயிலுக்கு உடம்பு பழக 10லருந்து 14 நாள் வேணும், அதுல பெரும்பகுதி முதல் கிழமையிலயே வந்துரும். சொந்தக்காரங்க வீடு கொழும்புல இருந்தா ரெண்டு கிழமை முந்தியே இறங்கி தினம் ஒரு மணித்தியாலம் லேசா பயிற்சி எடுங்க. தோட்ட வேலை, கடை வேலைன்னு லீவு கிடைக்காதவங்க மத்தியானத்துல ஜன்னலைச் சாத்திட்டு ஸ்வெட்டர் போட்டு ஸ்கிப்பிங், ஷேடோ பாக்ஸிங் செய்யலாம், பக்கத்துல கட்டாயம் ஒரு ஆள் இருக்கணும், தலை சுத்தினா, வேர்வை நின்னா உடனே நிறுத்தணும். எங்க தம்பி செஞ்சது இதுதான்.

வேர்க்க வச்சு எடை குறைக்கப் போடுற பிளாஸ்டிக் சௌனா சூட் வேண்டவே வேண்டாம். 1997ல அமெரிக்காவுல மூணு காலேஜ் மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கப் போய் செத்துப் போனாங்க, அதுக்குப் பிறகுதான் அங்க காலேஜ் மல்யுத்த விதிகளையே மாத்தினாங்க. தண்ணியை வத்த வச்சு எடையை இறக்கிட்டு கொழும்பு வெயில்ல இறங்கினா வெயிலுக்குப் பழகினது எல்லாம் வீணாப் போகும். ரீமேட்சுக்கு முடிஞ்சா உங்க இயல்பான எடையிலயே ஒத்துக்கோங்க.

பயிற்சிக்கு முந்தியும் பிந்தியும் எடை பாத்து எழுதுங்க, ஒரு கிலோ குறைஞ்சா சுமார் ஒரு லிட்டர் தண்ணி போயிருக்குன்னு அர்த்தம். விலை கூடின ஸ்போர்ட்ஸ் டிரிங்கை விட ஃபார்மசியில கிடைக்கிற ஜீவனி (ஓஆர்எஸ்) பாக்கெட்டும் செவ்விளநீரும் எனக்குப் பிடிக்கும்.

6. களைச்ச பிறகு பழகணும்

களைப்பு இல்லாதப்போ கம்பியிலருந்து தப்பிக்கிறது யாருக்கும் முடியும். அதனால முதல்ல ஒரு நிமிஷம் பஞ்சிங் பேக்ல முழு வேகம், உடனே பார்ட்னர் உங்களை சுவத்துல அழுத்தணும், அங்கருந்து ஆரம்பிங்க. கேஜ் இல்லாத ஜிம்முக்கு பாக்ஸிங் ரிங் கயிறை விட சுவத்துல சாத்தின பழைய மெத்தை நல்லது, கயிறு நெளியும், கம்பிவலை அவ்வளவு நெளியாது. ஒரு கை அவர் அக்குளுக்குக் கீழ, உங்க தலை அவர் தாடைக்குக் கீழ, மத்தக் கையால அவர் மணிக்கட்டைப் பிடிச்சு, இடுப்பைத் திருப்பி வெளிய வாங்க. வந்த உடனே ஒரு ஜாப். அந்த ஜாப் இல்லாம வெளிய வந்தா திரும்பவும் கம்பிதான்.

7. கார்னர்ல என்ன சொல்றது

ரவுண்டுக்கு நடுவுல ஒரு நிமிஷம், ஸ்டூல் போட்டு தண்ணி குடுத்து துடைச்சா மிச்சம் அரை நிமிஷம். அதுல ஒரு விஷயம்தான் காதுல ஏறும். 2019 ஆகஸ்ட்ல ஸ்டிபே மியோசிச் டேனியல் கோர்மியரோட ரீமேட்சுல மூணு ரவுண்ட் சிரமப்பட்டு, நாலாவதுல இடது கை ஹூக்கை விலாவுக்கு மாத்தி மாத்திப் போட்டு ஜெயிச்சார், மாத்தினது அந்த ஒண்ணுதான்.

எதிர் கார்னருக்கு தமிழ் புரியும்னா ரகசிய வார்த்தை வச்சுக்கோங்க. எங்களுக்கு “கவ்வாத்து”ன்னா கெண்டைக்கால் கிக், “கொழுந்து”ன்னா விலாவுக்கு ஹூக், “பெரட்டு”ன்னா நடு மேட்டுக்கு வா. சின்ன வயசுலருந்து தேயிலைத் தோட்டத்துல கேட்ட வார்த்தைங்கிறதால எவ்வளவு களைப்புலயும் தம்பிக்கு உடனே புரிஞ்சுச்சு.

பிறகு சேர்த்தது: பண்டாரவளையிலருந்து ஒரு தங்கச்சி கமெண்ட்ல கேட்டிருந்தாங்க, தோத்த ஆளோட ரீமேட்ச் பத்து நாள்ல இருக்கு, வேற ஆள் விலகினதால கூப்பிடுறாங்க, போகலாமாண்ணேன்னு. வேண்டாம் தங்கச்சி. வோல்கனோவ்ஸ்கி 2023 பிப்ரவரியில இஸ்லாம் மகாசேவ்கிட்ட ரொம்ப நெருக்கமாத் தோத்தவர், அக்டோபர்ல ரெண்டு கிழமை கூட இல்லாத அறிவிப்புல ரீமேட்சுக்குப் போய் முதல் ரவுண்ட்லயே தலைக்கு கிக் வாங்கினார். பத்து நாள் வெயிலுக்குப் பழகவே சரியாப் போயிரும், கம்பி வேலைக்கு நேரமே இருக்காது. அடுத்த தேதி கேளுங்க, தரலைன்னா வேற ஆளோட சண்டை கேளுங்க.

இன்னொரு தம்பி ரவுண்ட் நேரம் கேட்டிருந்தார். அமெச்சூர்ல பெரும்பாலும் 3 நிமிஷம் மூணு ரவுண்ட், புரொஃபஷனல்ல 5 நிமிஷம் மூணு ரவுண்ட், பட்டத்துக்கு அஞ்சு ரவுண்ட். டைமரை உங்க சண்டைக்கு ஏத்த மாதிரி வச்சுட்டு ஆறாவது படியைச் செய்யுங்க.