சங்கப் பாட்டுக்கு மெட்டுப் போடும்போது

முதல் முயற்சிக்குச் சங்க இலக்கியத் தொகை நூலான குறுந்தொகையை எடுங்கள். பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிகளுக்குள் முடிந்துவிடும். ‘யாயும் ஞாயும்’ (40ஆம் பாடல்) 5 அடிதான்; 1997இல் வந்த ‘இருவர்’ படத்தின் ‘நறுமுகையே’ பாட்டிலும் இதன் அடிகள் ஒலித்தன.

மெட்டுக்கு முன் சீர் (அடியின் ஓசைத் துண்டு) பிரித்து எழுதுங்கள். அடிக்கு நான்கு சீர். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் சீருக்கு இரண்டு எண்ணிக்கை வைத்தால், ஓர் அடி ஓர் ஆவர்த்தனத்தில் (தாளத்தின் ஒரு முழுச் சுற்றில்) அழகாக அடங்கும்.

சிக்கல் ‘யாயும் ஞாயும்’ பாட்டின் நான்காம் அடியில். ‘செம்புலப் பெயனீர் போல’ (செம்மண்ணில் பெய்த மழைநீர் போல) என்பதில் மூன்றே சீர். இந்தப் பாட்டின் யாப்பான ஆசிரியப்பாவில் ஈற்றயலடி (கடைசிக்கு முந்தைய அடி) இப்படிக் குறைந்து வருவது இலக்கணம், பிழையன்று. மீதமுள்ள இரண்டு எண்ணிக்கையை நிரப்ப ‘அடி’, ‘அன்பே’ என்று சொல் சேர்க்காதீர்கள். ‘போல’வை நான்கு எண்ணிக்கைக்கு நீட்டுங்கள். உவமை அங்கே நின்று ஊறட்டும், அதற்காகவே அந்த இடம்!

அடுத்து மூச்சு. சீர் முறியும் இடத்திலெல்லாம் சொல் முறியாது. ‘யாரா / கியரோ’, ‘தாங்கலந் / தனவே’ இரண்டையும் ஒரே மூச்சில் பாட வேண்டும். ‘தாங்கலந்தனவே’ என்பது ‘தாம் கலந்தனவே’. பாடகருக்கு இதைச் சொல்லாவிட்டால் ‘தாங்க’ என்று நிறுத்திவிடுவார், பொருள் போய்விடும். ‘யாய்’ என் தாய், ‘ஞாய்’ உன் தாய். எளிமைக்காக இரண்டையும் ‘தாய்’ ஆக்கினால், ‘என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யார்?’ என்ற கேள்வியே அழிந்துவிடும்.

துறையையும் (பாட்டு எழுந்த சூழலையும்) பாருங்கள். ‘அற்றைத் திங்கள்’ (புறநானூறு 112) நிலவுப் பாட்டுப் போலத் தோன்றும். உண்மையில் தந்தையையும் குன்றையும் இழந்த, பறம்பு மலைத் தலைவன் பாரியின் மகளிரது புலம்பல். துள்ளல் தாளம் அதற்குப் பொருந்தாது.