எண்ணெய்ப் படுகையை எந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும்?

ஒரு படுகையில் பெரிய எண்ணெய் வயலுக்கு வாய்ப்பு உண்டா என்று பார்க்க உட்காருகிறவர்கள் எடுத்ததுமே மடிப்பைத் தேடுவார்கள், அதாவது பாறை அடுக்குகள் வளைந்து எண்ணெய் தேங்கும் இடத்தை. மடிப்பைக் கடைசியில் பாருங்கள். புவித்தட்டுகள் எப்படி நகர்ந்ததால், எந்தக் காலத்தில் அந்த இடம் பள்ளமாகி வண்டல் சேர்ந்தது என்பதுதான் முதல் கேள்வி.

பழகிப் பார்க்க சவூதி அரேபியாவின் கவார் வயலை எடுத்துக்கொள்ளுங்கள். 1948ல் கண்டுபிடித்தது, வடக்குத் தெற்காக ஏறத்தாழ 280 கிலோமீட்டர். அரேபியத் தட்டின் அந்த ஓரம் பல கோடி ஆண்டுகளுக்கு முன், இப்போது இல்லாத டெதிஸ் என்ற பழங்கடலை ஒட்டிய விளிம்பாக, நெடுங்காலம் பெரிய மோதல் எதிலும் சிக்காமல் மெல்ல அமிழ்ந்துகொண்டே இருந்தது. ஜுராசிக் காலத்தில் அங்கே ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல், அதற்குள் சற்று ஆழமான இடங்களில் அடிநீரில் ஆக்சிஜன் போதாமல் உயிர்ப்பொருள் மக்காமல் தங்கியது, அதுதான் எண்ணெய் பிறக்கும் மூலப்பாறை. அதன் மேல் எண்ணெயைத் தேக்கிவைக்கும், நுண்துளை மிகுந்த சுண்ணாம்புக்கல். பிறகு கடல்நீர் வற்றி வற்றிப் படிந்த அன்ஹைட்ரைட் என்ற கனிமம், சட்டிக்கு மூடி போட்டதுபோல. மூன்றும் அருகருகே அடுக்காக இருப்பதால் எண்ணெய் வெகுதூரம் அலைய வேண்டியிருக்கவில்லை, பெரிய உடைப்புகள் இல்லாததால் மூடியும் தாங்கியது. அடியிலிருந்த பழைய பாறைத் துண்டு மேலெழும்பித்தான் அந்த நீள மடிப்பு வந்தது.

அப்புறம் ஒரு காலக்கோடு வரையுங்கள், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மூலப்பாறை எப்போது படிந்தது, எண்ணெய் உருவாகத் தேவையான சுமார் 60 முதல் 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்குள் எப்போது போனது, மடிப்பு எப்போது உருவானது? எண்ணெய் கிளம்பிப் போன பிறகு வந்த மடிப்பால் பெரிய பயன் இல்லை. ஈரானின் சாக்ரோஸ் மலைகளில் புவித்தட்டுகளின் மோதலால் வந்த மடிப்புகள் வயதில் இளையவை. ஆனால் அதே மோதல் காலத்தில் மேலே குவிந்த வண்டல்தான் மூலப்பாறையை ஆழத்துக்கு அழுத்திச் சூடாக்கியது, அதனால் நேரம் பொருந்திப்போனது. மடிந்தபோது அஸ்மாரி என்ற சுண்ணாம்புக்கல் அடுக்கில் விழுந்த விரிசல்கள் எண்ணெய் ஓட வழியாயின, மேலே கச்சாரன் என்ற அடுக்கின் உப்பும் அன்ஹைட்ரைட்டும் மூடின.

நிலம் இழுபட்டுப் பிளந்து உண்டான பிளவுப் படுகை என்றால் மூலப்பாறை எவ்வளவு பரப்பில் கிடக்கிறது என்று பாருங்கள். வட கடலில் கிம்மெரிட்ஜ் களிப்பாறை என்ற மூலப்பாறை மிகப் பரந்து கிடக்கிறது, சாய்ந்த பாறைத் துண்டுகளில் எண்ணெய் தேங்கியது, 1971ல் பிரென்ட் வயல் கிடைத்தது. நம் காவிரிப் படுகையும் கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்தபோது பிறந்த பிளவுதான், ஆனால் கும்பகோணம், மன்னார்குடி போன்ற ஊர்களுக்கு அடியில் ஓடும் மேட்டு முகடுகள் அதைத் தனித்தனிப் பள்ளங்களாகப் பிரித்திருக்கின்றன. வயல்கள் உண்டு, பிரென்ட் அளவுக்கு எதுவும் இல்லை. பிளவு என்ற ஒரே பெயரை வைத்து அளவைத் தீர்மானித்துவிடாதீர்கள்.

தரையில் எண்ணெய்க் கசிவு இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். 1908ல் ஈரானின் மஸ்ஜித் சுலைமானில் துளையிட்டதே கசிவுகள் இருந்த பகுதியில்தான். மூலப்பாறை வேலை செய்திருக்கிறது என்று கசிவு சொல்லிவிடும், கீழே எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதற்கு மூடுபாறையைத்தான் கேட்க வேண்டும்.