பழைய ஹைலக்ஸில் அடியிலிருந்து சத்தமா? எதையும் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

டிஃபரென்ஷியல் (ஆக்ஸிலின் நடுவில் இருந்து இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரிக்கும் பெட்டி) ஊளையிடுகிறது என்று, அதற்குள் இருக்கும் பற்சக்கர ஜோடியான கிரவுன்-பினியன் செட்டையே மாற்றுவார்கள். வண்டியை எடுத்தால் அதே சத்தம். பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்களில் இது அடிக்கடி நடக்கிறது. இரும்புச் சேஸிஸ் பின்னால் எழும் சத்தத்தைக் கடத்திக் கொண்டுவந்து கியர் லீவருக்கு அடியில் ஒலிக்க வைக்கும். ஆகவே சத்தம் வரும் இடத்தைக் காதால் தேடாதீர்கள். எது சுற்றும்போது வருகிறது, எது நின்றால் நிற்கிறது என்று தேடுங்கள்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 1988-இல் வந்த தலைமுறை டொயோட்டா ஹைலக்ஸ் டீசல், எல்.என்.106. முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், ஸ்பிரிங் பட்டை, முன் சக்கரத்தை ஆக்ஸில் ஷாஃப்டோடு இணைக்கவும் பிரிக்கவும் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) கையால் திருப்பும் லாக். இதே அமைப்புள்ள மற்ற வண்டிகளுக்கும் முறை ஒன்றுதான்.

முதலில் ஆளில்லாத சமதளச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி உருள விடுங்கள். இன்ஜினை மட்டும் அணைக்காதீர்கள், பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது. சத்தம் மாறாமல் தொடர்ந்தால் டயர், வீல் பேரிங், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (டிஃபரென்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு), டிஃபரென்ஷியல் இவற்றில் ஒன்று. வண்டி நிற்கும்போதே நியூட்ரலில் சத்தம் வந்து, கிளட்சை மிதித்ததும் மறைந்தால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். நான்காவது கியரில் அமைதி, மற்ற கியர்களில் உறுமல் என்றால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் துணைத் தண்டான லே ஷாஃப்டின் பேரிங்கைச் சந்தேகியுங்கள். நான்காவதில் சுமை லே ஷாஃப்ட் வழியாகப் போகாமல் நேராகவே போகிறது.

அடுத்தது எண்ணிக்கை. சுமார் 2.3 மீட்டர் சுற்றளவுள்ள டயர், 20 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு இரண்டரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். அந்தத் தாளத்தை ஸ்டியரிங்கில் விரலால் தட்டிப் பார்க்கலாம். 4.1 ரேஷியோ (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 4.1 சுற்று) உள்ள வண்டியில் அதே வேகத்தில் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் நொடிக்குப் பத்துச் சுற்று சுற்றும். அதை எண்ண முடியாது, கடகடவென்றுதான் கேட்கும். தட்ட முடிகிற சத்தம் சக்கரத்தோடு சேர்ந்தது, தட்ட முடியாதது ஷாஃப்டோடு சேர்ந்தது.

முன்பக்கத்தைப் பிரித்துப் பார்க்க ஹப் லாக்கைப் போல நல்ல கருவி கிடையாது. இரண்டு ஹப்பையும் ஃப்ரீயில் வைத்து டூ-ஹையில் (பின் சக்கரங்களுக்கு மட்டும் இயக்கம்) ஓட்டினால் முன் ஆக்ஸில் ஷாஃப்ட், முன் டிஃபரென்ஷியல், முன் ப்ரொப்பல்லர் மூன்றும் சுற்றாது. பிறகு நிறுத்தி, ஹப்பை மட்டும் லாக்குக்குத் திருப்பி, டூ-ஹையிலேயே அதே சாலையில் ஓட்டுங்கள். புதிதாகச் சேரும் சத்தம் அந்த மூன்றில் ஒன்றுடையது. ஃப்ரீயிலும் முன்னால் உறுமினால் மிஞ்சுவது டயரும் வீல் பேரிங்கும்தான். ஜாக்கில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் நக்கிள் (ஸ்டியரிங்குக்கேற்ப சக்கரத்தைத் திருப்பும் மூட்டு) பேரிங். ஹப் நட்டுக்கு 54 மி.மீ. சாக்கெட் வேண்டும். உளியால் அடித்துத் திருப்பினால் இரும்புத் துணுக்கு புது பேரிங்குக்குள் போய்விடும்.

மண் தரையில் ஃபோர்-லோ (நான்கு சக்கர இயக்கம், மெதுவான கியர்) போட்டு, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெல்ல வட்டமடிக்கும்போது "டக் டக்" என்றால் நக்கிளுக்குள் இருக்கும் ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. சக்கரத்துக்குப் பின்னால் உள்ள உருண்டையைப் பாருங்கள். மெல்லிய கிரீஸ் படலம் இருக்கலாம். கஞ்சிபோல வழிந்தால் உள் ஆயில் சீல் போய், டிஃபரென்ஷியல் ஆயில் கிரீஸைக் கழுவிக்கொண்டிருக்கிறது. சீலை விட்டுவிட்டு ஜாயின்டை மட்டும் மாற்றினால் அதுவும் சீக்கிரம் போகும்.

பெரும்பாலும் குற்றவாளி ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் முனைகளில் கூட்டல் குறி வடிவில் இருக்கும் ஜாயின்ட் கிராஸ்தான், விலையும் குறைவு, ஆகவே டிஃபரென்ஷியலைத் திறக்கும் முன் இதைத் தீர்த்துவிடுங்கள். மெதுவாகப் போகும்போது குருவி கத்துவது போல் "கீச் கீச்", ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாற்றும்போது "டங்", கப்பைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துருப்பொடி. நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்து, கிராஸின் இரு பக்கத்தையும் எதிரெதிராக முறுக்குங்கள். கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் மாற்ற வேண்டியதுதான். ஆட்டமே இல்லாமலும் கிராஸ் கெட்டிருக்கும். ஷாஃப்டின் ஒரு முனையை 14 மி.மீ. ஸ்பேனரால் கழற்றி, ஜாயின்டைக் கையால் மடக்கிப் பாருங்கள். நடுவில் பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால், ஊசி பேரிங் கிராஸின் மேல் தடம் பதித்துவிட்டது. கிரீஸ் அடிக்கும்போது நான்கு கப்பிலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த நான்காவது காய்ந்து கிடக்கிறது. கழற்றும் முன் மார்க் போடுங்கள். ஸ்ப்ளைனில் (ஷாஃப்டின் இரு பகுதிகளும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் வரிப் பற்கள்) இடம் மாறிப் பூட்டி, ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இல்லாமல் போனால் வண்டி உதறும். நின்று கிளம்பும்போது மட்டும் ஒரு "தட்" வந்தால், ஸ்ப்ளைனுக்கு இரண்டு மூன்று பம்ப் கிரீஸ் போதும்.

இதற்கெல்லாம் பிறகுதான் டிஃபரென்ஷியல். ஆயில் ஃபில்லர் துளையின் விளிம்பு வரை நிற்க வேண்டும். டிரெய்ன் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. மீன் செதில் போல் துண்டுகள் வந்தால் திறக்கத்தான் வேண்டும். பினியன் ஃபிளான்ஜைப் பிடித்து மேலும் கீழும் தூக்கினால் துளி ஆட்டமும் கூடாது. சுழற்சியில் சிறிது தளர்வு இருந்தால் பரவாயில்லை. இழுக்கும்போது மட்டும் ஊளை என்றால் கிரவுன்-பினியன் பற்கள் பொருந்தும் இடத்தைப் பாருங்கள். இழுத்தாலும் விட்டாலும் ஒரே உறுமல் என்றால் பேரிங்.

தார் ரோட்டில் ஃபோர்-ஹை போட்டுத் திருப்பும்போது இறுகி "டமார்" என்று விடுவது கோளாறு அல்ல. இந்த வண்டிக்கு நடு டிஃபரென்ஷியல் கிடையாது, மண்ணில்தான் போட வேண்டும். மண்ணில் நேராகப் போகும்போதும் இறுகினால் முன் பின் டயர் அளவைப் பாருங்கள். டயர் சரியாக இருந்தால், யாரோ பழைய டிஃபரென்ஷியலை வேறு ரேஷியோவில் மாட்டியிருக்கிறார்கள். சோதிப்பது எளிது. மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, டூ-ஹையில் வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியதோ அதுவே ரேஷியோ. முன்பக்கம் இரண்டு ஹப்பையும் லாக் செய்து இதையே செய்யுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லையென்றால், சரிசெய்யும் வரை ஃபோர் வீலைத் தொடாதீர்கள்.