போராட்டத்திலிருந்து அரசு வேலைக்கு: கூடலூர் தோழர்களுக்கு

கூடலூர்ப் பக்கம் பிரிவு 17 நிலத்துக்காக (ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் நிலம்) கொடி பிடித்து, கோஷம் போட்டு, இப்போது டிஎன்பிஎஸ்சி எழுதலாமா என்று யோசிக்கிறீர்களா? தாராளமாக எழுதுங்கள். வேலையில் சேருமுன் கட்சியிலிருந்து எழுத்துபூர்வமாக விலகி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். 1973 நடத்தை விதிகளின்படி அரசு ஊழியர் கட்சி உறுப்பினராக இருக்கக்கூடாது.

அப்புறம் போலீஸ் சரிபார்ப்பு, பயமெல்லாம் இதில்தான். மறியலில் பிடித்து மண்டபத்தில் உட்காரவைத்து சாயங்காலம் விட்டுவிட்டார்களே, அதெல்லாம் வழக்கா என்று நினைத்துப் பலர் படிவத்தில் வழக்கு உண்டா என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். வேண்டாம். எஃப்ஐஆர் இருக்கிறதா என்று ஸ்டேஷனில் கேட்டு, குற்ற எண், பிரிவு, வழக்கு முடிந்திருந்தால் தீர்ப்பு நகல் எல்லாம் வாங்கி, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சின்ன விஷயத்தை மறைத்திருந்தால்கூட மன்னிக்கலாம் என்று 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான், ஆனால் அது வேலை தருபவரின் விருப்பம், அதை நம்பி மறைக்காதீர்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் முதலில் வக்கீலைப் பாருங்கள்.

எந்தத் துறை என்றால் வருவாய்த்துறை என்பேன். 2006 வன உரிமைச் சட்டத்தின் விதிகளில், காட்டு நிலத்துக்கு உரிமை கோரும்போது பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதிப் பதிந்தால் அதுவும் ஆதாரம் என்பது மனு எழுதிப் பழகிய உங்களுக்குத் தெரியும், அது மேசைக்கு அந்தப் பக்கம் மிகவும் தேவை.