கேஸ், அல்சர், மூலம்: வயிற்று நோய்ப் பெயர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்துக்கடை கவுண்டரில் நிற்பவர்கள் தினமும் கேட்கிற வாக்கியம், "தம்பி, ஒரு கேஸ் மாத்திரை குடுங்க." என்ன செய்யுது என்று திருப்பிக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். ஒருவருக்கு ஏப்பம், இன்னொருவருக்கு நெஞ்செரிச்சல், அடுத்தவருக்கு மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை. ஒரு பெரியவர் விலாவைப் பிடித்துக்கொண்டு, "வாயு பிடிச்சிருச்சு" என்பார். நான்கு பேருக்கும் நான்கு விதமான தொல்லை, ஆனால் வாங்கிப் போவது ஒரே மாத்திரை.

வயிற்றைப் பொறுத்தவரை நம் வீடுகளில் புழங்குகிற பெயர்கள் பாதிக்கு மேல் இப்படித்தான். நோயின் பெயர் மாதிரி இருக்கும், ஆனால் எந்த உறுப்பு, என்ன கோளாறு என்று எதையும் சொல்லாது. டாக்டரிடம் அந்தப் பெயரோடு போய் உட்கார்ந்தால், அவர் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு நாமே பதில் எழுதிவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது.

இதில் உயிருக்கு ஆபத்தானது 'கேஸ்'தான். இதயத்தின் கீழ்ச்சுவர், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானம் என்ற தசையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பகுதிக்கு ரத்தம் போகாமல் மாரடைப்பு வந்தால், வலி நெஞ்சுக்குழியிலோ மேல்வயிற்றிலோ தெரியலாம். கூடவே குமட்டல், ஏப்பம், சில சமயம் வாந்தி. "ராத்திரி பரோட்டா சாப்பிட்டேன், அதான்" என்று சோடாவும் ஓமவாட்டரும் குடித்து விடியும் வரை காத்திருப்பவர்கள் உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே பெரிதாகத் தெரியாமல் வெறும் வியர்வையும் களைப்புமாகக்கூட வரலாம். மேல்வயிற்று அழுத்தத்தோடு வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி இருந்தால் அதற்குக் கேஸ் என்று பெயர் வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, இசிஜி எடுக்கிற இடத்துக்குப் போங்கள். முதல் இசிஜி சரியாக இருந்தாலும், சந்தேகம் இருந்தால் டாக்டர்கள் உட்கார வைத்து மறுபடி எடுப்பார்கள், ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். ஒரு இசிஜி பார்த்தாச்சு என்று எழுந்து வந்துவிடக் கூடாது.

அடுத்தது 'அல்சர்'. "எனக்கு நாலு வருஷமா அல்சர்" என்பவரிடம் எண்டோஸ்கோப்பி, அதாவது குழாய் விட்டு உள்ளே பார்க்கிற சோதனை, எடுத்தீர்களா என்று கேட்டால், பலரும் இல்லை என்றே சொல்வார்கள். அல்சர் என்றால் இரைப்பையின் உள்சுவரிலோ, அதை அடுத்த முன்சிறுகுடலிலோ உண்டான புண். உள்ளே பார்க்காமல் அது இருக்கிறது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. சுவர் சிவந்து அழற்சியாக இருந்தால் அது கேஸ்ட்ரைட்டிஸ். அமிலம் மேலேறி உணவுக்குழாயைச் சுட்டால் ரிஃப்ளக்ஸ். எரிச்சல் மட்டும் இருந்து, உள்ளே பார்த்தால் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். நம் ஊரில் நான்கையும் சேர்த்து அல்சர் என்று கூப்பிடுகிறோம்.

நேரத்துக்குச் சாப்பிடாததும் காரமும் கவலையும்தான் அல்சருக்குக் காரணம் என்று ஒரு காலத்தில் டாக்டர்களும் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இருவர் 1982-ல் இரைப்பையிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்து வளர்த்துக் காட்டினார்கள். அமிலத்தில் கிருமி வாழாது என்று மற்றவர்கள் தள்ளிவிட, 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்த கரைசலைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-ல் இருவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்தக் கிருமிதான் ஹெலிகோபேக்டர் பைலோரி. இன்னொரு பெரிய காரணம் வலி மாத்திரை: டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின். மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் அவற்றை விழுங்கிவிட்டு, "நேரத்துக்குத்தான் சாப்பிடுறேன், எப்படி அல்சர் வந்துச்சு?" என்று வியப்பவர்களைப் பார்க்கலாம்.

பெயர் சரியாக இருந்தால் என்ன லாபம் என்றால், சிகிச்சையே மாறுகிறது. கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக் சேர்த்துக் கொடுத்து அதை அழிக்க முடியும். புண் திரும்பி வருவது வெகுவாகக் குறையும். பான்டாபிரசோல் மாதிரி அமிலம் குறைக்கிற மாத்திரை மட்டும் போட்டால் எரிச்சலை அடக்கும், கிருமியை விட்டுவிடும். இரைப்பைப் புற்றின் ஆரம்ப அறிகுறிகளைக்கூட அந்த மாத்திரை கொஞ்ச நாள் மறைத்து வைக்கலாம். எடை குறைவது, விழுங்கச் சிரமப்படுவது, ரத்தசோகை, விடாத வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரையை நீட்டிக்கொண்டு போகாதீர்கள். கிருமிக்கான மூச்சுப் பரிசோதனைக்கோ மலப் பரிசோதனைக்கோ முன்னால், டாக்டர் சொல்படி அமிலம் குறைக்கிற மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்த வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். சோதனைக்குப் போகும்போது, சாப்பிடுகிற மாத்திரையை மறக்காமல் சொல்லுங்கள்.

மூலம் விஷயத்தில் கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. ஆசனவாய்ப் பக்கம் எது வந்தாலும் அது மூலம், காரணம் உடம்புச் சூடு, மருந்து கருணைக்கிழங்கு. உண்மையில் அங்கே வரும் மூன்று தொல்லைகள் வேறு வேறு. உள்மூலம் என்பது வீங்கிய ரத்தநாளத் திட்டு. பெரும்பாலும் வலியில்லாமல் சிவப்பாக ரத்தம் சொட்டும். மலம் போகும்போது கத்தியால் கீறுவது போல வலித்து, போன பிறகும் நெடுநேரம் எரிந்தால் அது ஆசனவாய் வெடிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம், டாக்டர்கள் ஃபிஷர் என்பார்கள். பக்கத்தில் ஒரு துளை, அதிலிருந்து சீழ், உள்ளாடையில் கறை என்றால் பவுத்திரம். வெடிப்புக்குப் பெரும்பாலும் மலத்தை இளக்குவதும் களிம்பும் வெந்நீரில் உட்காருவதும் போதும். பவுத்திரம் களிம்பில் ஆறாது, அறுவைதான் தேவைப்படும். 'பைல்ஸ் கியாரண்டி' என்று போர்டு மாட்டிய இடத்தில் மூன்றுக்கும் ஒரே வைத்தியம் நடக்கும்.

நான்காவது ஒன்று இருக்கிறது. பெருங்குடல், மலக்குடல் புற்றிலும் ரத்தம் வரும். மூலமும் புற்றும் ஒருவருக்கே ஒன்றாக இருக்கவும் தடையில்லை. மலம் போகும் வழக்கம் மாறியிருந்தால், போன பின்னும் முழுதாகப் போகாத உணர்வு இருந்தால், காரணமில்லாமல் இளைத்தால், 'எனக்கு மூலம்' என்ற வார்த்தையை வீட்டிலேயே வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். அவர் விரலால் சோதித்தாலே சில சமயம் விடை கிடைத்துவிடும்.

மஞ்சள் காமாலை ஒரு நோயே அல்ல, அது ஒரு நிறம். ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ஏறினால் கண் மஞ்சளாகிறது, அவ்வளவுதான். ஏன் ஏறியது என்பதுதான் கேள்வி. அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, இ என்ற கல்லீரல் அழற்சிகள் பெரும்பாலும் தானாகவே சரியாகும். கீழாநெல்லிக்கும் உப்பில்லாப் பத்தியத்துக்கும் கிடைத்த நற்பெயரில் பெரும்பங்கு இந்த இரண்டால் வந்தது. பித்தக்குழாயில் கல் அடைத்தோ, கணையத் தலையில் கட்டி அழுத்தியோ வந்த காமாலைக்கு அதே பத்தியம் இருந்தால் நாள்தான் வீணாகும். மலம் சுண்ணாம்பு போல வெளுத்து, சிறுநீர் கறுத்து, உடம்பெல்லாம் அரித்தால் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். இன்னொரு பக்கம், ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குக் கண் மஞ்சளாகாமலேயே பல ஆண்டு ஓடலாம். "எனக்குக் காமாலையே வந்ததில்லை, அதனால பி இருக்காது" என்பது தப்புக் கணக்கு.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 2' என்று பார்த்ததும் இணையத்தில் தேடி, தூக்கம் கெட்டவர்கள் நிறையப் பேர். அந்த எண் படத்தில் கல்லீரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது, அதாவது கொழுப்பு எவ்வளவு, என்பதைச் சொல்வது. புற்றுநோயில் சொல்லும் ஸ்டேஜ் அல்ல. கல்லீரலில் தழும்பு எவ்வளவு என்பதற்கு எஃப் 0 முதல் எஃப் 4 வரை தனி அளவு உண்டு. அதற்கு ஃபைப்ரோஸ்கேன் மாதிரியான சோதனை வேண்டும். கிரேடு 1 உள்ளவருக்குத் தழும்பு இருக்கலாம், கிரேடு 3 உள்ளவருக்கு இல்லாமலும் இருக்கலாம். குடியால் வராத ஃபேட்டி லிவருக்கு 2023-ல் பெயரே மாறிவிட்டது. பழைய ரிப்போர்ட்டில் 'என்ஏஎஃப்எல்டி', புதியதில் 'எம்ஏஎஸ்எல்டி' என்று இருந்தால் புது நோய் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கல்லிலும் குழப்பம்தான். கிட்னிக் கல்லுக்குச் சொல்கிற வாழைத்தண்டுச் சாறு பித்தப்பைக்குப் போய்ச் சேராது. இரண்டும் வேறு வேறு பாதை, கல்லின் சரக்கும் வேறு. "கல்லை மட்டும் எடுத்துட்டுப் பையை விட்டுட முடியாதா, டாக்டர்?" என்று கேட்காத குடும்பம் குறைவு. பை இருந்தால் கல் மறுபடி வரும், அதனால் பையோடு எடுக்கிறார்கள். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், பை அதைச் சேர்த்து வைப்பதோடு சரி. தலைசுற்றினால் "பித்தம்" என்கிறோமே, அது சித்த மருத்துவத்தின் வாதம், பித்தம், கபம் என்ற கணக்கில் வருவது. பித்தப்பை ஆபரேஷனோடு அதை முடிச்சுப் போட வேண்டாம்.

"அவனுக்கு அப்பெண்டிக்ஸ் இருக்காம்." அந்தக் குடல்வால் எல்லோருக்கும்தான் இருக்கிறது. அது வீங்கினால்தான் நோய். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கினால் சூட்டு வலி என்று விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள்.

பேதியில் சீதமும் ரத்தமும் காய்ச்சலும் சேர்ந்தால் அது சீதபேதி. அதற்கு லோபெரமைடு மாதிரி 'நிறுத்துகிற மாத்திரை' கேட்டு வாங்காதீர்கள். எந்தப் பேதியானாலும் ஓஆர்எஸ் உப்புக்கரைசல் முதலில். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரிலேயே கரையுங்கள், டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கினால் உப்பின் அளவு கெட்டுவிடும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் வரும் நீளமான சொற்களுக்கு வாலைப் பார்த்தால் போதும். 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்றால் வெட்டி எடுத்தது, 'ஆஸ்டமி' என்றால் திறப்பு வைத்தது. கொலெக்டமி பெருங்குடலை எடுத்தது, கொலிசிஸ்டெக்டமி பித்தப்பையை எடுத்தது. கொலாஸ்டமி என்றால் பெருங்குடலை வயிற்றின் மேல் திறந்து பை மாட்டியிருக்கிறார்கள். அடுத்த டாக்டரிடம் வாயால் சொல்லி மாற்றிவிடாமல், அந்தத் தாளையே நீட்டுங்கள். டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்கச் சிரமம், டிஸ்ஃபேசியா என்றால் பேசச் சிரமம். ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். 'மெலினா' என்று எழுதியிருந்தால் தார் போலக் கறுத்து, ஒட்டி, கடுமையாக நாறும் மலம். மேல் குடலில் ரத்தம் கசிவதன் அடையாளம். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் அப்படி ஒட்டாது, நாறாது. எதுவென்று தெரியாவிட்டால் அன்றைக்கே காட்டிவிட வேண்டும்.

கடைசியாக, "குடல் டெஸ்ட் எடுத்தாச்சு, நார்மல்" என்கிற வாக்கியம். வாய் வழியாக விட்ட எண்டோஸ்கோப்பி உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் வரைதான் பார்க்கும். அதற்குப் பிறகு நீளும் சிறுகுடலின் பெரும்பகுதியை அது தொடுவதில்லை. பெருங்குடலைப் பார்க்கக் கொலோனோஸ்கோப்பி தனியாக எடுக்க வேண்டும். மலத்தில் ரத்தம் போகிறவர் முதல் சோதனையின் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது. குழாயை எந்த வழியாக விட்டார்கள், எதுவரை பார்த்தார்கள் என்று கேட்டு, ரிப்போர்ட்டில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.