பின்னத்தைச் சுருக்க ஒரு கழித்தல் போதும்

செந்தூலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நேற்று இரவு 57/95 என்ற பின்னத்தோடு மகள் அரை மணி நேரம் மல்லுக்கட்டினாள். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். 2, 3, 5, 7 என்று வகுத்துப் பார்த்துவிட்டு, “இதைச் சுருக்கவே முடியாது, அப்பா” என்று பென்சிலைக் கீழே வைத்தாள்.

முடியும். பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழியுங்கள்: 95 − 57 = 38. இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் எண் எதுவானாலும், அது இந்த 38-ஐயும் வகுத்தே தீரும். 38 என்பது 2 × 19. மேலும் கீழும் ஒற்றைப்படை எண்கள், ஆகவே 2 உதவாது. மிச்சம் 19. 57-இல் 19 மூன்று முறை, 95-இல் ஐந்து முறை. விடை 3/5. வாய்ப்பாடு 12-உடன் நின்றுவிடுவதால்தான் 13, 17, 19 போன்ற காரணிகள் பிள்ளைகளின் கண்ணில் படுவதில்லை.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை: கழித்து வந்த எண்ணால் நேரே வகுத்துவிடக் கூடாது, அதன் காரணிகளைத்தான் சோதிக்க வேண்டும். 35/36 போல வித்தியாசம் 1 என்றால் மேற்கொண்டு சுருக்க வழியே இல்லை. வித்தியாசம் பெரிதாக வந்தால், அதையும் சிறிய எண்ணையும் வைத்து மறுபடி கழியுங்கள். கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் எழுதிவைத்த வழி இது.

இன்று காலை 91/119 கொடுத்தேன். பள்ளி பஸ் வருவதற்குள் “28” என்றாள், பிறகு “7” என்றாள். 13/17 என்று உள்ளங்கையில் எழுதிக் காட்டினாள்.